ரசீதில் தொகை திரும்பி வந்தது: கூட நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள அண்ணா, சேட்டா, சங்கத்து அக்கா, எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் நம் பால் சங்கத்தின் ஜாவா வெப் அப்ளிகேஷனில் புது வெர்ஷனை ராத்திரியில் ஏற்றினேன். விடிகாலையில் முதல் ஆள் பால் ஊற்றினார். கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) எல்லாம் சரியாகப் பதிவாயின. ரசீதில் தொகை மட்டும் 0.00. கேனோடு வரிசையில் நின்றவர்கள் யாரும் சத்தம் போடவில்லை. செயலாளர் அக்கா பழைய நோட்டை எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்து, "நீ போய் அதைப் பாரு கண்ணு, இதை நாங்க பார்த்துக்கறோம்" என்றார். என் முதல் நன்றி அதற்குத்தான்.

கோயம்புத்தூர் அண்ணா போனிலேயே புரோகிராமை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். விலைப் பட்டியலை டேட்டாபேஸிலிருந்து எடுக்கும் வேலையைக் கன்ஸ்ட்ரக்டருக்குள், அதாவது ஆப்ஜெக்ட் உருவாகும்போதே ஓடும் பகுதிக்குள், வைத்திருந்தேன். டேட்டாபேஸிலிருந்து எடுத்துத் தரும் ரெப்பாசிட்டரியோ ஆட்டோவயர்டு ஃபீல்டு, அதாவது ஸ்பிரிங் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க் தானே நிரப்பித் தரும் இடம். ஸ்பிரிங் முதலில் கன்ஸ்ட்ரக்டரை ஓட்டி ஆப்ஜெக்டை உண்டாக்கும், அப்புறம்தான் ஃபீல்டை நிரப்பும். கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போது அங்கே இருந்தது நல், அதாவது வெறும் காலி. வந்த எக்ஸெப்ஷனை (பிழையை), பிழைகளைப் பிடிக்க நான் போட்டிருந்த ட்ரை-கேட்ச் விழுங்கியதால், அப்ளிகேஷனை ஓட்டும் டாம்கேட் சர்வரும் எந்தத் தடையும் இல்லாமல் கிளம்பிவிட்டது. "பால் ஊத்தறதுக்கு முன்னாடியே கொழுப்பு கேட்டா மெஷின் என்ன சொல்லும்?" என்று அண்ணா கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது.

அவசரத்தில் அந்த வேலையைத் அப்ளிகேஷன் கிளம்பும்போது ஓடும் தனி லிசனருக்கு மாற்றினேன். அதுவும் படுத்தது. பாலக்காட்டுச் சேட்டன்தான் வெப் எக்ஸ்எம்எல் என்ற அமைப்பு ஃபைலைத் திறக்கச் சொன்னார். அதில் எழுதிய வரிசையில்தான் லிசனர்கள் கிளம்பும். என்னுடையது ஸ்பிரிங்கைக் கிளப்பும் கான்டெக்ஸ்ட் லோடர் லிசனருக்கு மேலே இருந்தது. கீழே இறக்கியதும் ஓடியது. சேட்டன் அதோடு விடவில்லை. நாளைக்கு யாராவது ஒரு வரியை நகர்த்தினால் மறுபடி விழும் என்று லிசனரையே எடுக்கவைத்தார். இப்போது ரெப்பாசிட்டரி கன்ஸ்ட்ரக்டர் வழியாக வருகிறது, பட்டியல், எல்லாம் நிரம்பிய பிறகு ஓடும் போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் மெத்தடில் ஏறுகிறது. ட்ரை-கேட்சும் போய்விட்டது, பட்டியல் ஏறாவிட்டால் அப்ளிகேஷன் கிளம்பவே கிளம்பாது.

அப்படி மாற்றும்போதுதான் விலை சர்வீசும் ரசீது சர்வீசும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றது வெளியே வந்தது. ஒன்றைத் தேவைப்படும்போது மட்டும் உண்டாக்கச் சொல்லும் லேசி போட்டுச் சமாளிக்கலாம் என்றேன். வேண்டாம் என்று சொல்லி, இரண்டுக்கும் பொதுவான கணக்கைத் தனி கிளாஸாகப் பிரிக்க ஒரு சாயங்காலம் முழுக்க என்னோடு உட்கார்ந்தார் சேட்டன். அவர் மலையாளத்தில் சொல்லச் சொல்ல, டீக்கடைக் காகிதத்தில் நான் போட்ட அம்புக்குறிகளை மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

நோட்டில் எழுதியதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிய தங்கைக்கும் நன்றி.

நேற்றுக் காலை முதல் ரசீதைக் கிழித்த அக்கா, தொகையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் பாட்டியிடம் நீட்டினார்.

அன்புடன்,
சங்கத்துக் கம்ப்யூட்டர் தம்பி,
கொழிஞ்சாம்பாறை