கேட்வேயில் திறந்தால் போதுமா?

மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அத்தைக்கு மூட்டுவலி தேவலை என்றதும் நிம்மதி. மதுரையில் வெயிலுக்கு மட்டும் குறைச்சலில்லை.

மாங்குளம், கீழவளவு கல்வெட்டுப் படங்களை ஐபிஎஃப்எஸ்ஸில் (கோப்புகளைப் பலர் மெஷின்களிலிருந்து பகிரும் நெட்வொர்க்) ஏற்றியாச்சு, கேட்வேயில் (அதை பிரவுசரில் திறந்து காட்டும் வெப் சர்வர்) திறக்குது, இனிக் கவலையில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை நம்பாதே. பொது கேட்வே ஒருமுறை எடுத்ததைக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொள்ளும். மேலூரில் உன் மெஷின் அணைந்து கிடந்தாலும் கொஞ்ச நாள் படம் வரும்.

வேறு நெட்வொர்க்கிலிருந்து சோதி. ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு லேப்டாப்பும் எம்டிஎன்எஸ் (உள் நெட்வொர்க்கில் மெஷின்களைத் தேடும் முறை) வழியாகவே ஒன்றையொன்று கண்டுபிடித்துவிடும். போன் ஹாட்ஸ்பாட் போதும். ‘ஐபிஎஃப்எஸ் ரூட்டிங் ஃபைண்ட்ப்ராவ்ஸ்’ கட்டளை கொடுத்து சிஐடியைப் (உள்ளடக்கத்திலிருந்து உருவாகும் முகவரி) போடு. வருகிற பட்டியலில் உன் பியர் ஐடி (உன் மெஷினின் அடையாளம்) இல்லையென்றால், டிஹெச்டியில் (எது யாரிடம் இருக்கிறது என்று மெஷின்கள் பகிர்ந்து வைக்கும் பதிவேடு) உன் பதிவு ஏறவில்லை அல்லது காலாவதி. அதன் ஆயுள் 48 மணி நேரம். கூபோ (ஐபிஎஃப்எஸ்ஸை ஓட்டும் மென்பொருள்) 22 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும். கோப்பை வெட்டி வைக்கும் ப்ளாக் (துண்டு) வழக்கமாக 256 கிலோபைட், ஒரு ஜிபிக்கே சுமார் 4,000 ப்ளாக். உன் டிஃப் படங்கள் அத்தனைக்கும் ப்ளாக் ப்ளாக்காக அறிவித்தால் பழைய மெஷின் 22 மணி நேரத்துக்குள் முடிக்காமல் திணறலாம். அறிவிக்கும் ஸ்ட்ராட்டஜியை ‘ரூட்ஸ்’ (மேல்மட்ட சிஐடி மட்டும்) என்று மாற்று. ஒற்றைப் படத்தின் சிஐடியைத் தேடுகிறவனுக்கு அப்புறம் அகப்படாது, முழு ஃபோல்டரின் சிஐடியைத்தான் கொடுக்கணும். பரவாயில்லை.

பட்டியலில் பேர் இருப்பதும் வாக்காளர் பட்டியல் மாதிரிதான், ஆள் இருக்கிறானா என்பது தனி. கரண்ட் போய் நோட் (உன் மெஷின்) படுத்தாலும் பதிவு 48 மணி நேரம் வரை நிற்கும். அதனால் வெளி மெஷினிலிருந்து ‘ஸ்வார்ம் கனெக்ட்’ கொடுத்து, உன் நோடைத் தொடுகிறதா பார். தொடவில்லையா, ரூட்டரில் 4001 போர்ட்டை டிசிபி, யுடிபி இரண்டுக்கும் திற. ரூட்டரின் வேன் (WAN, இணையப் பக்க) முகவரி 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால் அது சிஜிநாட் (ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிரும் முறை). போர்ட் ஃபார்வர்டிங் வீண். இணைய நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டு வாங்கு, இல்லையேல் ஐபிவி6.

தொட்டாலும் முழுசாகக் கிடைக்கணுமே. ஃபோல்டர் பட்டியல் அழகாகத் திறக்கும், நடுவில் ஒரு படம் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும்: அதன் ப்ளாக் யாரிடமும் இல்லை. உன் மெஷினில் ‘பின் வெரிஃபை’ ஓட்டு, பின் பண்ணியதில் (அழியாமல் பிடித்து வைத்ததில்) ப்ளாக் விடுபட்டதா என்று தெரியும். வெளி மெஷினில் ‘பின் ஆட்’ உடன் ‘ப்ராக்ரெஸ்’ சேர்த்தால் எண் எங்கே நகராமல் நிற்கிறதென்று தெரியும்.

உசிலம்பட்டி நண்பர்கள் படத்தைப் பார்த்ததை நகலாகக் கணக்கில் எடுக்காதே. பின் பண்ணாதது ஜிசி (குப்பை நீக்கம்) ஓடினால் போய்விடும். இரண்டு பேராவது பின் பண்ணணும்.

அடுத்த கடிதத்தில் வேன் முகவரியின் முதல் இரண்டு எண்ணை எழுது. அதைப் பார்த்துவிட்டு ரூட்டர் செட்டிங் சொல்கிறேன்.

உன் பங்காளி