வயசு போனா அப்பிடித்தான் எண்டு விட்டிராத மச்சான்

மச்சான்,

எப்பிடிச் சுகம்? உன்ட கடிதம் கிடைச்சுது. மகளுக்கு அக்கரைப்பற்றுல டீச்சர் வேலை சரிவந்தது எங்களுக்கும் பெரிய சந்தோசம், அதுக்கு ஒரு பார்ட்டி தரணும் நீ, மறக்கமாட்டன். இங்க கல்லடியில கச்சான் காத்து அனலா அடிக்குது, மனிசரே வெளிய நிக்க ஏலாம இரிக்கு, எங்கட நாய் ஜிம்மி குளியலறை வாசல்ல ஈரத்துல படுத்தா பொழுதுபடத்தான் எழும்பும்.

நீ உன்ட நாய் ஜூலியைப் பத்தி எழுதியிருந்தாய், ராவெல்லாம் விறாந்தையில நடக்குது, பேரன் கிட்டப் போனா உறுமுது, வயசு போயிட்டு இனி அப்பிடித்தான் எண்டு. அந்தக் கடைசி வசனத்தோடதான் எனக்குச் சண்டை. எங்கட ஆக்கள் நாய்க்கு என்ன வந்தாலும் இதைத்தான் சொல்லுவாங்க, வயசு ஒரு வருத்தம் இல்லயே மச்சான், அதுக்குள்ள வேற வருத்தம் ஒளிஞ்சிரிக்கும், கனக்க வருத்தத்துக்கு மருந்து இரிக்கு. ஜூலி அல்சேசன் கலப்பு வேற, பெரிய சாதி நாய் கெதியா கிழடாகும், எங்கட ஊர்நாய் 12 வயசுல ஓடுற ஓட்டம் அதுக்கு 8, 9லயே இராது.

ஜிம்மியும் இப்பிடித்தான் தொடங்கினது. ஆட்டோவுக்குள்ள ஒரே பாய்ச்சல்ல ஏறுற நாய், முன்னங்கால் ஒண்டை மேல வைக்கும், மறுகா எடுக்கும், என்ட முகத்தைப் பாக்கும். டொக்டரிட்டக் காட்டினா இடுப்பை அமத்திப் பாத்து மூட்டு வாதம் எண்டார். நோவு இரிக்கிற நாய் அநேகமாக் கத்தாது மச்சான், படி ஏறாது, ராவுல ஒரு பக்கம் படுக்க ஏலாம எழும்பி எழும்பி நடக்கும், சின்னப் புள்ளை மேல விழுந்து கட்டிப்பிடிச்சா உறுமும். ஜூலிட கோவத்துக்கு முதல்ல இதைத்தான் பாரு. ஆனா உன்ட பாட்டுக்கு மனிசர் குடிக்கிற நோ மருந்து, பனடோலோ புரூஃபனோ குடுத்திராத, நாய்க்கு அது நஞ்சு, ஈரல், கிட்னி, வயிறு எல்லாத்தையும் கெடுத்திரும். டொக்டர் குடுக்கிற நோ மருந்தும் பிளட் டெஸ்ட் எடுத்து கிட்னியைப் பாத்துட்டுத்தான் குடுக்கணும். வீட்டுல மாபிள் தரை எண்டா அது படுக்கிற இடத்துல ரப்பர் விரிப்பு ஒண்டைப் போடு, வழுக்காம எழும்பும்.

அடுத்தது தண்ணி. கூடக் குடிச்சு உள்ளுக்கே மூத்திரம் போனா அதை அடிக்காத, கிட்னி வருத்தமோ சீனி வருத்தமோ எண்டு பாக்கணும். ஒரு நாளைக்கு கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல குடிச்சா அது சாதாரணம் இல்ல, ஜூலி 30 கிலோ எண்டா 3 லீட்டர். நீ அதுக்குக் கருத்தடை ஒப்பரேசனும் செய்யல்லயே, அப்பிடிப் பொட்டை நாய்க்கு உதிரப்பட்டுக் கொஞ்சக் கிழமையால கர்ப்பப்பையில சீழ் கட்டுறது இரிக்கு, சாப்பிடாம சோந்து படுத்துக்கொண்டு தண்ணியை மட்டும் குடிச்சா விடியட்டும் எண்டு பாக்காம கொண்டு ஓடு.

இதெல்லாம் இல்ல எண்டா மறுகாதான் மூளை. ஜிம்மிக்கு அதுவும் கொஞ்சம் தொடங்கிட்டு, கதவு திறக்கிற பக்கம் நில்லாம பிணைச்சல் பக்கம் போய் மூக்கை வச்சுக்கொண்டு நிக்கும், திறந்துவிட்டாலும் அங்கயே நிக்கும். பகல்ல நித்திரை, ராவுல நடை. மனிசருக்கு வாற அல்சைமர் எண்ட மறதி வருத்தத்துல மூளையில படியிற அமிலாய்ட் புரதம்தான் கிழட்டு நாய் மூளையிலயும் படியுதாம். கலிபோர்னியாவில செய்த ஒரு ஆய்வு 2001ல வந்தது, 11, 12 வயசு நாய்கள்ல 28 வீதத்துக்கும் 15, 16 வயசுல 68 வீதத்துக்கும் இந்தக் குணம் ஒண்டாவது இரிந்திருக்கு. முழுசா மாத்த ஏலாது, ஆனா சாமானை இடம் மாத்தாம, ராவுல சின்ன லைட் ஒண்டு போட்டு, பின்னேரத்துல மெதுவா நடக்கக் கொண்டு போனா நல்ல வித்தியாசம் தெரியுது.

பக்கத்து வீட்டு மனிசன் இதைப் பாத்துட்டு விசர் பிடிச்சிட்டு, அடிச்சுக் கொல்லு எண்டான், எனக்கு வந்த கோவம்! விசர் வந்த நாய் 10 நாளைக்குள்ள செத்திரும், இது மாசக்கணக்கா மெல்ல மெல்ல வாறது, அதோட ஜிம்மிக்கு வருசா வருசம் விசர் ஊசி போட்ட அட்டை கையில இரிக்கு. நீயும் ஜூலிட அட்டையை எடுத்துப் பாரு, திடீரெண்டு குணம் மாறின நாயில ஊசி இல்லாட்டி அது வேற கதை.

கண் நீலமாப் புகைஞ்சிரிந்தா பூ விழுந்திட்டு எண்டு பயப்படாத, வயசுக்கு வில்லை இறுகுறதுதான், பார்வை ஓரளவு இரிக்கும். வெள்ளையாத் தெரிஞ்சாத்தான் பூ. காதும் போகும். சித்திரை வருசத்து வெடிக்குக் கட்டிலுக்குக் கீழ ஓடுற ஜிம்மி இந்தமுறை குறட்டை விட்டுக் கிடந்தது, எங்கட மனிசிக்குச் சிரிப்பு. இப்ப நாங்க தரையில காலால தட்டித்தான் கூப்பிடுறம், அதிர்வு விளங்கும். பேரனுக்குச் சொல்லு, படுத்திரிக்கக்குள்ள பின்னால போய்த் தொடவேணாம், திடுக்கிட்டா கடிச்சிரும்.

ஆடி அமாவாசைக்கு திருக்கோவிலுக்கு வர ஏலாது, எங்களுக்கும் அண்டுதான் மாமாங்கக் கோயில்ல தீர்த்தம். அது முடிய ஒரு ஞாயிறு வாறம். அதுக்கிடையில ஜூலி குடிக்கிற தண்ணியை அளந்து எழுதிவச்சு டொக்டரிட்டக் கொண்டு போ, நடக்கிறதை போன்ல வீடியோ எடுத்துக் காட்டு, அங்க போனா எல்லா நாயும் பயத்துல நல்ல புள்ளை மாதிரித்தான் நிக்கும். என்ன சொன்னார் எண்டு கோல் எடு. தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லு.