அந்த நீச்சல் தொப்பி விஷயம்

அம்மு,

போன வாரம் போன்ல உன் ஃப்ரெண்ட் நீச்சல் க்ளாஸ்க்கு பெரிய தொப்பி தேடி லண்டன் முழுக்க அலைஞ்சத சொன்னியே, நானும் உம் கொட்டிட்டு வச்சுட்டேன், ஆனா தூக்கம் வரல, ராத்திரி உக்காந்து அத பத்தியே தேடிப் பாத்துட்டு இருந்தேன், அப்பாகிட்ட திட்டு வேற.

உனக்கு தெரிஞ்சிருக்கும், எனக்கு எல்லாம் புதுசு. ஒலிம்பிக்ஸ்ல பிரிட்டனுக்காக நீந்தின முதல் கறுப்பின பொண்ணு ஆலிஸ் டியரிங்காம், அதுவே 2021 டோக்கியோலதான்! அதே வருஷம் அடர்த்தியான சுருட்ட முடி, பின்னல் எல்லாம் அடங்குற சோல் கேப்ங்கிற தொப்பிய போட்டில போட உலக நீச்சல் சங்கம் முடியாதுன்னுடுச்சு. தலையோட இயற்கையான வடிவத்துக்கு பொருந்தலயாம். யாரோட தலைக்கு? முடியும் ஒரு பெரிய தடையா இருக்குறதால கறுப்பின பொண்ணுங்க நிறைய பேர் தண்ணி பக்கமே வர்றதில்லன்னு ஆலிஸ் கூட சேந்து ஆரம்பிச்ச கறுப்பின நீச்சல் சங்கத்துக்காரங்க எடுத்து சொன்னாங்க, ஊரே கத்துச்சு, 2022 செப்டம்பர்ல சரின்னுட்டாங்க.

இதே மாதிரி 2020ல நியோம் நிக்கலஸ் வில்லியம்ஸ்னு லண்டன் மாடல், கொஞ்சம் பருமனான கறுப்பின பொண்ணு, கையால மார மறைச்சு கண்ண மூடி உக்காந்திருக்குற போட்டோவ இன்ஸ்டாகிராம் தூக்கிட்டே இருந்துச்சாம், ஒல்லியான வெள்ளக்கார பொண்ணுங்க அத விட கம்மியா போட்டுட்டு நின்னா மட்டும் ஒண்ணும் இல்ல. அவ விடல, அக்டோபர்ல ரூலயே மாத்த வச்சுட்டா. கில்லாடி!

சாரா பார்ட்மன் கதையும் படிச்சேன். 1810ல தென்னாப்பிரிக்கால இருந்து லண்டனுக்கு கொண்டு வந்து, பின்பக்கம் பெருசுன்னு காசு வாங்கிட்டு வேடிக்க காட்டிருக்காங்க. பாரிஸ்ல செத்த பிறகும் விடல, எலும்புக்கூட 1970கள் வரைக்கும் மியூசியத்துல வச்சிருந்து, 2002லதான் அவ மண்ணுல புதைச்சாங்க. சோறு இறங்கலடி.

உனக்கு எட்டு வயசுல, நம்மூர் குளத்துல உன் ஜடை தொப்பிக்குள்ள போகலன்னு கோச் முடிய வெட்டிட்டு வர சொன்னாரே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு சாயந்திரமே பார்லருக்கு இழுத்துட்டு போயிட்டேன். அவங்க பட்டதும் இதும் ஒண்ணுன்னு சொல்ல வரல. ஆனா வேற சைஸ் தொப்பி இருக்கான்னு நான் ஒரு வார்த்த கேக்கல பாரு, நீ அழுதுட்டே வந்த.

உன் ஃப்ரெண்டுக்கு தொப்பி கிடைச்சுதா? கிடைச்சா விலை கேட்டு சொல்லு, அக்கா பொண்ணு அடுத்த மாசம் க்ளாஸ்ல சேருறா, அவளுக்கும் உன்ன மாதிரியே கூந்தல்.

அம்மா