ரிசர்வ் வங்கி ஆளுநருக்குத் தாராவியிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். தாராவி 90 அடிச் சாலைப் பக்கம் சாயங்கால நேரங்களில் நம் ஊர்க்காரர்களுக்கு பேங்க் படிவம் நிரப்பிக் கொடுப்பவன் நான். ஒரு விஷயம் மனதை அறுத்துக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

எங்கள் சந்தில் ஓர் அக்கா இட்லி அவித்து விற்கிறார். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைப்பவர். பெரிய கிரைண்டர் வாங்கப் போன வருடம் பேங்கில் 60,000 ரூபாய் கடன் கேட்டார். "சிபில் சரியில்ல", அதாவது பழைய கடனைக் கட்டிய பதிவு சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன சரியில்லை, எந்தக் கடன், யார் பதிந்தது? எதுவும் சொல்லவில்லை. தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து, வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

இந்தப் பதிவை வைத்திருக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்று நீங்கள் உத்தரவு போட்டிருக்கிறீர்கள். அதனால் எடுத்துப் பார்க்க முடிந்தது. தவணையில் வாங்கிய ஒரு போன். கடைசித் தவணை வரை கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றான என்.ஓ.சி.யும் வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார் அக்கா. அறிக்கையில் மட்டும் 1,180 ரூபாய் பாக்கி நின்றது.

திருத்தச் சொல்லி எழுதினோம். 30 நாளில் முடிய வேண்டியது 71 நாள் இழுத்தது. 30 நாளைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரலில் இருந்து இருக்கிறது. நல்ல விதி, மனதாரச் சொல்கிறேன். அந்தக் கணக்கில் 4,100 ரூபாய் வரவேண்டும். இதுவரை வரவில்லை.

மாவு அத்தனை நாள் காத்திருக்குமா? பழைய கிரைண்டரைப் பழுதுபார்க்க அக்கா தண்டல்காரரிடம் போனார். 10,000 என்று பேச்சு, கையில் வந்தது 8,500. நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்டினார். தண்டலுக்கு சிபில் பார்ப்பதில்லை.

கடன் கொடுப்பவர்கள் கவனமாக இருக்கத்தான் வேண்டும். ஆப் மேல் ஆப்பாகக் கடன் வாங்கி, ஒன்றை அடைக்க இன்னொன்று என்று மூழ்கிப்போன பையன்களை எங்கள் சந்திலேயே பார்த்திருக்கிறேன். அவர்களைத் தடுக்க இந்த அறிக்கை தேவை. ஆனால் பொய்யான ஒரு பாக்கியைக் காட்டி பேங்க் கதவைச் சாத்தினால், அந்த ஆள் கடன் வாங்காமல் இருந்துவிடுவதில்லை. கூடுதல் வட்டிக்கு வாங்குகிறார்.

2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தில் 21ஆவது பிரிவு இருக்கிறது. கடனுக்கு விண்ணப்பித்தவர் கேட்டால், அவரைப் பற்றி பேங்க் வாங்கிய தகவலின் நகலைப் பெறலாம். இந்தக் 'கேட்டால்' என்பதில்தான் எங்கள் ஆட்கள் தோற்றுப்போகிறார்கள். கேட்கலாம் என்று தெரிந்தால்தானே கேட்பார்கள்? கடன் இல்லை என்று சொல்லும் அன்றே, கேட்காமலே அந்த நகலைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அறிக்கையின் எந்த வரியைப் பார்த்து மறுத்தார்கள் என்று அதில் கோடு போட்டுக் காட்டட்டும்.

அப்புறம் மொழி. அக்காவுக்குத் தமிழ் வாசிக்க வரும், இந்தி பேச வரும். அறிக்கையில் 'டி.பி.டி.' என்று இருந்தது. தவணை நாள் தாண்டி எத்தனை நாள் ஆனது என்பதைத்தான் அந்த மூன்று எழுத்து சொல்கிறது என்று நான் விளக்க வேண்டியிருந்தது. கடன் கொடுக்கும்போது வட்டி, கட்டணம் எல்லாம் எழுதித் தரும் முக்கிய விவர அறிக்கை வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று 2024இல் நீங்களே சொல்லிவிட்டீர்கள். மறுக்கும்போதும் அப்படித் தரலாமே.

இழப்பீட்டையும் கடன் கொடுத்தவர்களும் கடன் தகவல் நிறுவனங்களும் தாங்களே கணக்குப் போட்டு வரவு வைக்கிறார்களா என்று தயவுசெய்து சோதித்துப் பாருங்கள். நாங்கள் எழுதிய இரண்டு நினைவூட்டலுக்கும் பதில் இல்லை.

சயான் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஃபோர்ட்டில் இருக்கும் உங்கள் தலைமை அலுவலகம் எங்களுக்குத் தூரமில்லை. அக்காவின் என்.ஓ.சி., அறிக்கை, கடிதங்கள் எல்லாம் ஒரு பையில் இருக்கின்றன. இட்லி வியாபாரம் காலை பத்து மணிக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு எந்த நாள் கூப்பிட்டாலும் இருவரும் வருகிறோம்.

இப்படிக்கு,
தாராவியில் படிவம் நிரப்பித் தரும் ஒரு தமிழன்