மாளா இடுகாட்டையும் எழுதியிருக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, கேரளத்தின் பழைய துறைமுகமான முசிறி பற்றிய பயணக் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் பரவூர், சேந்தமங்கலம் யூத ஜெபாலயங்களைச் சுற்றிக் காட்டியவர், பக்கத்திலேயே திருச்சூர் மாவட்டத்தில் இருக்கும் மாளாவை விட்டுவிட்டார். படம் எடுக்க அங்கே பெரிதாக எதுவும் இல்லை என்பதால் இருக்கலாம். நான்கு ஏக்கர் யூத இடுகாட்டில் இப்போது கண்ணுக்குத் தெரிவது மூன்றே கல்லறைகள்.

மாளா யூதர்களை யாரும் துரத்தவில்லை. இஸ்ரேல் உருவானபின், 1955இல் கூட்டமாகக் கிளம்பினார்கள். போகும்முன் ஜெபாலயத்தையும் இடுகாட்டையும் ஊர்ப் பஞ்சாயத்திடம் எழுதிக் கொடுத்தார்கள், சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவதுபோல. ஜெபாலயம் வேறு வழிபாட்டு இடமாகவோ இறைச்சிக்கூடமாகவோ ஆகக்கூடாது, இடுகாடு இடுகாடாகவே காக்கப்பட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. விலை பேசிக் கைமாறிய நிலமில்லை அது.

பிறகு இடுகாட்டின் ஒரு பகுதி விளையாட்டு மைதானம் ஆனது. ஊர்க்காரர்களிலேயே பலர் எதிர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு விளையாட இடம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் 'மூன்று கல்லறைதானே மிச்சம்' என்று சொல்கிறார்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை. மேலே கட்டுமானம் போய்விட்டால் கீழே இருப்பவர்களும் போய்விடுவார்களா? ஒருமுறை புதைத்த இடத்தைத் திரும்பத் தோண்டக்கூடாது என்பது யூதர்களின் வழக்கம்.

நாமும் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. சென்னை மின்ட் தெருப் பக்கம் இருந்த பழைய யூத இடுகாடு இன்று இல்லை. அதன் கற்கள் காசிமேட்டுக்குப் போய், அப்புறம் லாயிட்ஸ் சாலைக்கு வந்து சேர்ந்தன. சரி, கற்களாவது தப்பின.

ஒரு கல் எவ்வளவு சொல்லும் என்பதற்குச் சேந்தமங்கலமே சாட்சி. சேரமன்னர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த வட்டெழுத்துச் செப்பேட்டில் பல்லக்கு, குடை என்று ஒரு தலைவருக்குரிய உரிமைகள்தான் வரிசையாக வருகின்றன. ஆனால் ஜெபாலய வாசலில் நிற்கும் எபிரேய எழுத்துக் கல்லறைக் கல்லில் இருப்பது இஸ்ரேல் என்பவரின் மகள் சாராவின் பெயர். இறந்த ஆண்டு 1269. அவளைப் பற்றி வேறு எந்த ஏடும் பேசவில்லை. அந்தக் கல்லையும் 'ஒன்றுதானே' என்று யாராவது படிக்கட்டுக்குப் போட்டிருந்தால்?

ஜெபாலயங்களுக்கு ஓடு மாற்றி, வண்ணம் அடித்து, அருங்காட்சியகம் ஆக்கிய கேரள அரசுக்கு இதுவொன்றும் பெரிய செலவில்லை. மாளாவில் மிஞ்சிய நிலத்தை அளந்து சுற்றுச்சுவர் கட்டட்டும். 1955 ஒப்பந்தத்தின் நிபந்தனையை மலையாளத்திலும் எபிரேயத்திலும் பலகையில் எழுதி வாசலில் வைக்கட்டும். தாத்தா பாட்டியின் ஊரைத் தேடி இஸ்ரேலிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டுரையாளர் அடுத்தமுறை அந்தப் பக்கம் போனால் மாளாவிலும் இறங்கிப் பார்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி