சிலுவை மோதிரம் போடப்போகும் மகனுக்கு

அன்பு மகனே,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். தினமும் போட்டுக்கொள்ள சிலுவை வைத்த வெள்ளி மோதிரம் ஒன்று வாங்கலாமா, எப்படிப்பட்டது நல்லது என்று கேட்டு எழுதியிருந்தாய். வாசித்ததும் மனசு நிறைந்துபோனது. யாரும் சொல்லாமல் நீயாகவே கேட்டிருக்கிறாய், அதுதான் எனக்குப் பெரிது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பயமானதைச் சொல்லிவிடுகிறேன். உன் கை நாள் முழுக்க ஒயரோடும் மெஷினோடும் புழங்குகிற கை. உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளிதான், செம்புகூட அதற்கு அடுத்த இடம்தான். ஆகவே கரண்ட் வேலை என்றாலும், சுழல்கிற மெஷின் பக்கம் போவதென்றாலும், மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஓடுகிற மெஷினில் மோதிரம் மாட்டினால் தோலையும் சதையையும் உரித்துக்கொண்டு போய்விடும். விரலையே இழந்தவர்கள் உண்டு. சிலுவையைக் கழற்றுகிறோமே என்று உன் மனசு உறுத்தவே கூடாது. மோதிரம் தாயத்து இல்லை. விரலில் இருந்தால் கர்த்தர் காப்பார், டப்பாவில் இருந்தால் கைவிடுவார் என்பது நம் விசுவாசம் இல்லை, மகனே. மூடி உள்ள சின்ன டப்பா ஒன்றை வேலைப் பையில் வைத்துக்கொள். சட்டைப் பையில் போட்டால் குனியும்போது விழுந்துவிடும்.

வெள்ளி போதுமா, தங்கம்தான் மரியாதையா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாகப் போதும். 2013ல் போப் பிரான்சிஸ் பொறுப்பேற்றபோது அவர் விரலில் ஏறிய, போப்பின் பதவிக்கு அடையாளமான மீனவர் மோதிரமே தங்க முலாம் பூசிய வெள்ளிதான். "வெள்ளியும் பொன்னும் என்னிடத்திலில்லை" என்று சொன்ன பேதுருவின் இடத்தில் உட்கார்ந்தவருக்கு அது பொருத்தம் என்றே எனக்குத் தோன்றியது.

கிறிஸ்தவர்கள் மோதிரம் போடுவது நேற்று வந்த வழக்கம் இல்லை. கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் அலெக்சாந்திரியா நகரத்து கிளமெந்து என்கிற போதகர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்நாளில் மோதிரம் முத்திரை வைக்கப் பயன்பட்டது. அதில் என்ன உருவம் செதுக்கலாம்? புறா, மீன், காற்றில் விரையும் கப்பல், யாழ், நங்கூரம் என்று சொல்கிறார். சமாதானத்தைத் தேடுகிறவர்களுக்கு வாளும் வில்லும் வேண்டாம் என்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்து வருவது: ஆண்கள் மோதிரத்தைச் சுண்டுவிரலின் அடியில் போடட்டும், அப்போது கை வேலை செய்யத் தடையில்லாமல் இருக்கும், விரல் முட்டி இருப்பதால் எளிதில் கழன்று விழாது என்கிறார். அத்தனை நூற்றாண்டுக்கு முன்னால் இருந்த அந்த மனிதர், வேலை செய்கிற கையை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார். எந்த விரல் என்பது உன் இஷ்டம். ஆனால் அந்த நினைப்பு சரியானது, அதை வைத்தே மோதிரத்தைத் தேர்ந்தெடு.

அதாவது, மேலே துருத்திக்கொண்டு நிற்கும் சிலுவை வேண்டாம். துணியில் மாட்டும், முனைகள் சீக்கிரம் மழுங்கும். வளையத்தோடு வளையமாக, உள்ளே ஆழமாக வெட்டிய சிலுவையாகப் பார். வெள்ளி மிருதுவான உலோகம். சுத்த வெள்ளியில் செய்தால் வளைந்துவிடும் என்றுதான் ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளியும் மீதிக்குப் பெரும்பாலும் செம்பும் சேர்க்கிறார்கள். உள்பக்கம் 925 என்று குத்தியிருப்பது அதற்காகத்தான். அப்படிச் சேர்த்தும் அது தேயத்தான் செய்யும். என் மோதிரத்தைப் பார்த்திருப்பாயே, உள்ளங்கைப் பக்கம் வழுவழுவென்று மெலிந்திருக்கும், சிலுவையின் பள்ளத்தில் மட்டும் கருப்பு தங்கியிருக்கும். அந்தக் கருப்பால்தான் சிலுவை எடுப்பாகத் தெரிகிறது. இதனால்தான் பளபளப்புக்காக ரோடியம் என்கிற வெள்ளை உலோகத்தை முலாமாகப் பூசியது வேண்டாம் என்கிறேன். தினமும் போட்டால் முலாம் ஒரு பக்கம் போய் ஒரு பக்கம் நிற்கும், பார்க்க நன்றாக இருக்காது. 925 என்ற முத்திரையை மட்டும் நம்பவும் வேண்டாம், ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோ. ஒட்டினால் அது வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டால் வெள்ளிதான் என்றும் முடிவு கட்டாதே, பித்தளையும் ஒட்டாது. நம்பகமான ஆளிடம் வாங்கு.

வெள்ளி கறுக்கும். காற்றில் உள்ள கந்தக வாயு பட்டு மேலே படிகிற படலம்தான் அது. உடம்பு சரியில்லாததால் கறுக்கிறது என்றோ, ஜெபம் குறைந்துவிட்டது என்றோ யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. தினமும் போடுகிற மோதிரம் உரசி உரசியே பளிச்சென்று இருக்கும், பெட்டியில் பூட்டி வைப்பதுதான் அதிகம் கறுக்கும். ரப்பர் பேண்டோடு மட்டும் சேர்த்து வைக்காதே, அதிலும் கந்தகம் உண்டு. விரலில் பச்சைக் கறை படிந்தாலும் பயப்படாதே, அது செம்பும் வேர்வையும் சேர்ந்து செய்கிற வேலை, கழுவினால் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, மெல்லிய துணி, அவ்வளவுதான். பற்பசை போட்டுத் தேய்க்காதே, கீறல் விழும். ப்ளீச்சிங் தண்ணீர், நீச்சல்குளம் இரண்டுக்கும் முன்னால் கழற்றிவிடு.

அளவைக் காலையிலேயே எடுக்காதே. சாயங்காலமும் வெயில் நேரத்திலும் விரல் சற்று உப்பும். அப்போது எடுத்த அளவில் மோதிரம் முட்டியைத் தாண்ட லேசாக இடற வேண்டும், தாண்டியபின் இறுக்கக் கூடாது. சுற்றிலும் வேலைப்பாடு செய்த மோதிரத்தைப் பிறகு பெரிதாக்குவது சிரமம், அதனால் இதில் அவசரம் வேண்டாம்.

உள்ளே வசனம் பொறிக்க ஆசைப்படுகிறாய். முழு வசனம் கொள்ளாது, அவ்வளவு சின்ன இடத்தில் தமிழ் எழுத்தின் புள்ளியும் சுழியும்தான் முதலில் தேய்ந்துபோகும். அதிகாரமும் வசன எண்ணும் மட்டும் போடு. அப்பா லூக்கா 15:22 போடச் சொல்கிறார், தகப்பன் மகன் கைக்கு மோதிரம் போடச் சொன்ன இடம். எனக்கு யோசுவா 1:9தான் ஆசை, நீ போகும் இடமெல்லாம் கர்த்தர் உன்னோடு இருக்கிறார் என்கிற வசனம், நீ தூரத்தில் தனியாக இருப்பதால். நீயே தீர்மானித்து, விரல் அளவோடு எழுது. மோதிரத்தை வாங்கித் தருவது நாங்கள்தான், அதில் மறுபேச்சு வேண்டாம்.

அன்புடன்,
அம்மா