ஜெனரேட்டரை ஏன் திருப்பி எடுத்து வந்தோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடந்த புயலின்போது ஒரு வீட்டு வாசல்வரை ஜெனரேட்டரைக் கொண்டுபோய், கனெக்‌ஷன் கொடுக்காமல் திருப்பி ஏற்றி வந்துவிட்டோம் என்று ஒரு ஆடியோ சுற்றுகிறது. மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், முதுநகர் குரூப்புகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். திருப்பி எடுத்து வந்தது உண்மை. கேட்ட பணம் கிடைக்காததால் போனோம் என்பது பொய். அந்த வீட்டில் சேஞ்ச் ஓவர், அதாவது ஈபி கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் சேராமல் ஏதாவது ஒன்றை மட்டும் வீட்டுக்கு விடும் சுவிட்ச், இல்லை. இரண்டு முனையிலும் பின் மாட்டிய ஒயரைக் கொடுத்து, "மெயினை ஆஃப் பண்ணியாச்சு, ஜெனரேட்டர்லேர்ந்து ஏசி பிளக் பாயிண்டில் சொருகிடுங்க" என்றார்கள். யார் கேட்டாலும் அதை நாங்கள் செய்வதில்லை.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம். தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குகிறது. அதே டிரான்ஸ்ஃபார்மருக்குத் தாழ்ந்த பக்கத்திலிருந்து மின்சாரம் போனால் மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறும். உங்கள் வீட்டு 230 வோல்ட் சர்வீஸ் ஒயர் வழியாக வெளியே போனால், செத்துக் கிடப்பதாக நினைத்து லைன்மேன் தொடும் கம்பிக்கு உயிர் வந்துவிடும். பக்கத்து வீடுகளின் லோடு இழுத்து ஜெனரேட்டர் உடனே அமுங்கிவிடும் என்று சில எலக்ட்ரீஷியன்கள் தைரியம் சொல்வார்கள். முழுத் தெருவும் இணைப்பில் இருந்தால் அப்படி நடக்கலாம். புயலில் லைன் எந்தக் கம்பத்தில் அறுந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நான்கு வீடு தள்ளி அறுந்திருந்தால் ஜெனரேட்டர் அமுங்காது, ஓடிக்கொண்டே இருக்கும். கம்பியை எர்த்தோடு இணைத்த பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும் என்று லைன்மேன்களுக்கு விதி உண்டு. அதை நம்பி நாம் பின்பக்கமாகக் கரண்ட் அனுப்ப முடியாது.

மெயின் ஆஃபில் இருந்தால் போதாதா? இருட்டில் வீட்டில் யாராவது ஆன் செய்தால் முடிந்தது. அந்த நேரத்தில் ஈபி கரண்ட் வந்துவிட்டால் இரண்டும் மோதி ஜெனரேட்டருக்குள் இருக்கும் ஆல்டர்னேட்டர் காயில் கருகும். சில பழைய மெயின்கள் ஃபேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் தெருவோடு சேர்ந்தே இருக்கும். இரண்டு பக்கமும் பின் மாட்டிய அந்த ஒயரின் ஒரு முனை கழன்று விழுந்தால், பித்தளைப் பின்னில் 230 வோல்ட் ஈரத் தரையில் கிடக்கும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது காற்று கம்பங்களைச் சாய்த்தது. 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்தது. காற்றோ தண்ணீரோ, லைனைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்துத்தான் சப்ளை ஏற்றுவார்கள். உங்கள் தெருவில் எந்த நேரமும் ஒரு ஆள் கம்பியில் கை வைத்திருப்பார்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். மீட்டருக்கும் மெயின் போர்டுக்கும் நடுவே, சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு 32 ஆம்பியர் டபுள் போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும்) சேஞ்ச் ஓவர். மூன்று ஃபேஸ் என்றால் நான்கு போல். நியூட்ரலும் சேர்ந்து வெட்டுவதுதான் இதில் முக்கியம். 5 கேவிஏ ஜெனரேட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். இப்போதைக்குச் சேஞ்ச் ஓவர் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஜெனரேட்டரிலிருந்து நேராக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து ஃபிரிட்ஜ், ஃபேன், செல்போன் சார்ஜர் மாட்டித் தருவோம். ஆடியோ வந்த வீட்டிலும் இதைத்தான் முதலில் சொன்னோம். தண்ணீர் மோட்டார் ஓடாதே என்று கோபப்பட்டார்கள்.

மோட்டார் விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். 1 எச்பி மோட்டார் என்றால் 746 வாட்தான், ஆனால் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். அதனால் 1 கேவிஏ ஜெனரேட்டரில் கிளம்பவே கிளம்பாது. முதலில் மோட்டாரை மட்டும் போட்டு மேல்தொட்டியை நிரப்புங்கள், நிறுத்திய பிறகு ஃபிரிட்ஜைப் போடுங்கள். மூன்று ஃபேஸ் மோட்டார் எங்கள் சிங்கிள் ஃபேஸ் ஜெனரேட்டர்களில் ஓடாது. மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைப் போர்டிகோவுக்குள்ளோ மாடிப்படிக்கு அடியிலோ வைக்காதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. ஜன்னலிலிருந்து இருபது அடி தள்ளி, மேலே தகரம் மட்டும் போட்டு வையுங்கள். ஓடும்போது டீசல் ஊற்ற வேண்டாம். டீசல் கேனில் தண்ணீர் இறங்கியிருந்தால் ஜெனரேட்டர் இருமி நிற்கும். ஃபில்டர் அடித் திருகைத் திறந்து தண்ணீரை விட்டு, டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றினால்தான் மறுபடி பிடிக்கும்.

ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கும் வீடுகளுக்குத்தான் எப்போதும் முதல் வண்டி. அதனால் உங்கள் முறை தள்ளிப்போனபோதும் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல், பக்கத்து வீட்டோடு ஒரே ஜெனரேட்டரை மாற்றி மாற்றிப் பயன்படுத்திக்கொண்ட வண்டிப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர் வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். முழங்கால் தண்ணீரில் எங்கள் பையன்களோடு வண்டியைத் தள்ளிவிட்டவர்களையும் மறக்கவில்லை.

சேஞ்ச் ஓவர் பொருத்த வேண்டியவர்கள் ஐப்பசி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். புயல் சின்னம் உருவான பிறகு கூப்பிட்டால் ஆள் அனுப்ப முடியாது, இரண்டு பேர் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள். வாடகையும் முன்பணமும் சற்று மாறியிருக்கின்றன. விவரம் கடைப் பலகையில் இருக்கிறது.

இப்படிக்கு,
உரிமையாளர், ஜெனரேட்டர் வாடகை மற்றும் இன்வெர்ட்டர் சர்வீஸ்,
கடலூர்